ஆரக்கிளில் 9 வருஷம், போஸ்ட்கிரெஸ்ஸில் 7 வருஷம்

கோயம்புத்தூரில் நூற்பாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்ன கம்பெனி எங்களுடையது. பஞ்சு பேல் உள்ளே வருவதில் தொடங்கி, கோன் பெட்டியில் ஏறி லாரி கிளம்பும்வரை எல்லாக் கணக்கும் அதில்தான். 2009-இல் நான் சேர்ந்தபோது அடியில் ஓடியது ஆரக்கிள் 10ஜி, காசு கொடுத்து லைசென்ஸ் வாங்க வேண்டிய டேட்டாபேஸ். 2018-இல் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற ஆரம்பித்தோம். அதுவும் டேட்டாபேஸ்தான், ஆனால் காசு இல்லை, திறமூலம்: உள்ளே இருப்பதை யாரும் படிக்கலாம். ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தவிர மற்ற எல்லாரையும் மாற்றி முடிக்க இரண்டு வருஷம் ஆனது.

முதன்முதலில் ஒரு மில்லின் ஜி.எம்.மிடம் போய் இதைச் சொன்னபோது அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏனுங் தம்பி, காசு குடுத்து வாங்குனா போன் பண்ணித் திட்டறதுக்கு ஒரு ஆள் இருப்பான். இதுக்கு நான் யாரைத் திட்டறதுங்க?" நான் கொஞ்சம் தெனாவட்டாக, "என்னைத் திட்டுங்க சார்" என்றேன். அந்த வார்த்தை 2024-இல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காசு. ஆரக்கிளின் விலைப்பட்டியல் ஒளிவுமறைவில்லாதது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்டர்பிரைஸ் எடிஷன் ஒரு பிராசஸருக்கு 47,500 டாலர். இன்டெல் மாதிரியான சிப்பில் இரண்டு கோர் சேர்ந்தால் ஒரு பிராசஸர் கணக்கு. 8 கோர் சர்வர் என்றால் 1,90,000 டாலர், அதன்மேல் வருஷா வருஷம் சப்போர்ட்டுக்கு 22 சதவீதம். பேரம் பேசினால் குறையும், அது வேறு. எங்கள் மில்கள் பெரும்பாலும் இருந்தது அதற்குக் கீழே, ஸ்டாண்டர்டு எடிஷனில். அதில் பார்ட்டிஷன், அதாவது பெரிய டேபிளைத் துண்டு துண்டாகப் பிரித்துவைக்கும் வசதி, கிடையாது. எண்டர்பிரைஸ் வாங்கினாலும் பார்ட்டிஷனுக்குத் தனியாகக் காசு. அதனால் வருஷத்துக்கு ஒரு டேபிள் என்று கையாலேயே பிரித்து, மேலே எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் வியூ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். அந்தக் கோடை (நிரலை) எழுதியவன் நான்தான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

2017-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 10-இல் பார்ட்டிஷன் முறையாக வந்ததும் எங்கள் காரணம் பலமானது. ஆனால் மாறும் வேலை லேசாக இல்லை. ஓரா2பிஜி என்ற கருவி டேபிள்களையும் டேட்டாபேஸுக்குள் எழுதிவைத்த சாதாரண புரொசீஜர்களையும் பெயர்த்துக் கொடுத்துவிடும். கருவிக்குத் தெரியாதது, நாம் அறியாமலேயே ஆரக்கிளின் குணத்தை நம்பி எழுதியிருக்கும் கோடு.

ஆரக்கிளுக்கு வெற்று எழுத்துச்சரமும் 'நல்'லும் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்றுதான். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு இரண்டும் வேறு. அன்றன்று புதிதாகப் பதிந்தவர்களில் ஜிஎஸ்டி எண் கொடுக்காத பார்ட்டிகளின் பட்டியல் ஒன்று எங்களிடம் உண்டு. மாறிய மறுநாள் அது காலியாக வந்தது. எல்லாரும் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள் போல என்று கணக்குப்பிள்ளை சந்தோஷப்பட்டார்! திரையில் காலியாக விட்ட பெட்டிகள் வெற்றுச்சரமாகவே சேமிக்கப்பட்டிருந்தன. நாங்கள் தேடியது நல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். பல கட்டளைகளை ஒன்றாகச் சேர்த்து முடிப்பதற்கு டிரான்சாக்‌ஷன் என்று பெயர். ஆரக்கிளில் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஒரு இன்சர்ட் (புது வரி சேர்க்கும் கட்டளை) தோற்றால் அந்த வரி மட்டும்தான் போகும், மற்றது நிற்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வரி தோற்றால் ரோல்பேக் செய்யும்வரை, அதாவது செய்ததைத் திரும்பப் பெறும்வரை, எதையும் கேட்காது. "இன்சர்ட் செய், ஏற்கெனவே இருந்தால் அப்டேட் செய்" என்று ஜாவாவில் நூறு இடத்தில் எழுதி வைத்திருந்தோம். அத்தனையையும் "ஆன் கான்ஃப்ளிக்ட்" என்ற ஒரே கட்டளையாக மாற்றி எழுதவே ஒன்றரை மாதம் போயிற்று. எழுதி முடித்தபின் பார்த்தால் புதுக் கோடுதான் சுத்தமாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆரக்கிளைப் பற்றி இளக்காரமாகப் பேசுபவர்கள் அதை ஒழுங்காகப் பயன்படுத்தியதில்லை என்பது என் எண்ணம். ஒருமுறை எங்கள் பையன் ஒருவன் எந்த வரிகளை மாற்றுவது என்று சொல்லும் 'வேர்' (where) நிபந்தனையைப் போடாமல் அப்டேட் ஓட்டி, மொத்த மில்லின் நூல் ஸ்டாக்கையும் 40-ஆம் கவுண்டாக (நூலின் தடிமனைச் சொல்லும் எண்) மாற்றிவிட்டான். "15 நிமிஷத்துக்கு முன் இந்த டேபிள் எப்படி இருந்தது?" என்று ஆரக்கிளிடம் கேட்கலாம், பழைய தரவை எடுத்துத் தரும். டீ ஆறுவதற்குள் சரிசெய்தோம். போஸ்ட்கிரெஸ்ஸில் அதே தவறு நடந்தால் வேறொரு சர்வரில் பேக்கப்பை ஏற்றி, குறிப்பிட்ட நிமிஷம்வரை 'வால்' (WAL) என்ற மாற்றப் பதிவேட்டை ஓட்டி, அங்கிருந்து எடுத்து வரவேண்டும். முடியும். ஆனால் டீ ஆறிவிடும், சாப்பாடும் ஆறிவிடும்.

போஸ்ட்கிரெஸ் ஒரு வரியை மாற்றும்போது பழையதை அங்கேயே விட்டுவிட்டுப் புதியதைப் பக்கத்தில் எழுதும். செத்த வரிகளைப் பிறகு ஆட்டோவாக்கும் (autovacuum) என்ற துடைப்பம் கூட்டித் தள்ளும். டேபிளில் 20 சதவீதம் செத்த வரிகள் சேர்ந்தபின்தான் கிளம்பும் என்பது அதன் பிறவிக் குணம். நிமிஷத்துக்கு ஒருமுறை மிஷின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்கும் டேபிளுக்கு அது போதாது. யாரோ ஒரு ரிப்போர்ட்டைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், டிரான்சாக்‌ஷன் மூடாமல், துடைப்பத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும். இதெல்லாம் கையேட்டில் தெளிவாக இருக்கிறது. படிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

இனி 2024. எங்கள் சர்வர்களின் ஆபரேட்டிங் சிஸ்டம் சென்ட்ஓஎஸ் 7. அந்த வருஷம் ஜூன் 30-உடன் அதற்கு ஆதரவு முடிந்துபோனது. எல்லாரையும்போல நாங்களும் ராக்கி லினக்ஸ் 9-க்கு ஓடினோம். போஸ்ட்கிரெஸ் 14-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, புது சர்வரில் ஒரு ரெப்ளிகா (அச்சு நகல்) கட்டி, ஞாயிற்றுக்கிழமை இரவு வேலையைப் புது சர்வருக்கு மாற்றிவிட்டோம். பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. முதுகில் தட்டிக்கொண்டு தூங்கப் போனோம்.

திங்கள் காலை அந்த ஜி.எம்.மின் மில்லில், இருக்கிற லாட்டை (ஒரு தொகுதிச் சரக்கை) அதன் எண்ணைப் போட்டுத் தேடினால் இல்லை என்றது. இல்லையே என்று அவர்கள் அதே எண்ணில் புதிதாகப் போட, ஒரே லாட் எண் இரண்டு முறை உள்ளே போய்விட்டது. லாட் எண் நெடுவரிசைக்கு ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் தனித்துவ இண்டெக்ஸ் (தேடுவதற்காக அடுக்கிவைத்த பட்டியல்) இருக்கிறது! அது எப்படி விட்டது என்று அரைநாள் எனக்குப் புரியவே இல்லை.

விஷயம் இது. எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை லைப்ரரியைத்தான் கேட்கும். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28-இல் அந்த வரிசை மாறியது. பழையதில் "11" முன்னால், "1-1" பின்னால். புதியதில் நேர்மாறு. எங்கள் லாட் எண் எல்லாம் நடுவில் சிறுகோடு போட்டது, 24-117 என்கிற மாதிரி. இண்டெக்ஸை அடுக்கியது பழைய ஜிலிப்சி, தேடுவது புதியது. அகரவரிசை தெரியாத ஆளிடம் அகராதியைக் கொடுத்த கதை. ரெப்ளிகா ஒவ்வொரு பைட்டையும் அப்படியே நகலெடுத்ததால் தப்பும் அப்படியே வந்துவிட்டது. அப்படியில்லாமல் தரவை மட்டும் டம்பாக வெளியே எடுத்து ஏற்றியிருந்தால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. இதைப் பற்றி எச்சரிக்கை செய்யும் வசதி டேட்டாபேஸ் அளவில் போஸ்ட்கிரெஸ் 15-இல்தான் வந்தது. நாங்கள் 14.

இரட்டை லாட்டுகளைக் கையால் சேர்த்து, ரீஇண்டெக்ஸ் ஓட்டி முடிக்கும்போது இரவு ஒன்பது. நடுவில் ஜி.எம்.மிடமிருந்து போன் வந்தது. "தம்பி, இப்ப திட்டலாங்களா?" திட்டினார். நியாயமான திட்டு.

அன்றைக்குத்தான் எனக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது. ஆரக்கிள் தன் மொழி விதிகளைத் தானே சுமந்து வரும். வழக்கமான அமைப்பில் இண்டெக்ஸை வெறும் பைட் வரிசையில் அடுக்கும். கீழே ஓஎஸ் மாறினால் அதற்குக் கவலையில்லை. நாம் கொடுக்கும் காசில் ஒரு பங்கு இந்த அவநம்பிக்கைக்கு. போஸ்ட்கிரெஸ் சகவாசி, பக்கத்து வீட்டுக்காரனை நம்பும். பக்கத்து வீட்டில் என்ன மாறியது என்று பார்த்துக்கொள்ளும் ஆள் நம் கம்பெனியில் சம்பளத்தில் இருக்க வேண்டும். நாங்கள் லைசென்ஸ் காசை மிச்சம் பிடித்தோம், அந்த ஆளை வைக்கவில்லை. என்னையே அந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

சரி, காசு கொடுத்தால் திட்ட ஆள் கிடைப்பானா? வேறொரு பெரிய கம்பெனியின் ரிப்போர்ட் மென்பொருளும் எங்களிடம் இருந்தது. பெயர் வேண்டாம். சப்போர்ட்டுக்கு முழுக் காசும் கட்டியிருந்தோம். ஒரு பிழைக்கு டிக்கெட் போட்டால் லாக் அனுப்பு என்பார்கள். அனுப்பினால் ஷிப்ட் மாறி இன்னொருவர் வந்து அதே லாக்கைக் கேட்பார். நான்கு முறை அனுப்பினேன். கடைசியில் அடுத்த பதிப்பில் சரியாகும் என்று மூடிவிட்டார்கள். திட்ட ஆள் இருந்தான், திட்டு போய்ச் சேரவில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸில் இண்டெக்ஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று மூலக்கோடின் என்பிட்ரீ (nbtree) அடைவில் ஒரு ரீட்மீ, அதாவது விளக்கக் கோப்பு, இருக்கிறது. லேமன், யாவ் இருவரின் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எதை எடுத்துக்கொண்டோம், எதை மாற்றினோம் என்று ஆசிரியர் வகுப்பெடுப்பதுபோல எழுதியிருப்பார்கள். அன்று அரைநாளில் நான் விடைக்கு வந்தது அதைப் படித்ததால்தான். மூடிய மென்பொருளில் அந்த அரைநாள் முழுக்க லாக் அனுப்பியே போயிருக்கும்.

அதற்காகத் திறமூலம் என்று எழுதியிருந்தாலே நம்பிவிடவும் கூடாது. அதே 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் (xz) என்ற சின்ன லைப்ரரியில் யாரோ பின்வாசல் வைத்தது வெளியே வந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், போஸ்ட்கிரெஸ் எழுதுபவர்களில் ஒருவர். தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று தோண்டியிருக்கிறார். கோடு திறந்திருந்ததால் தோண்ட முடிந்தது. அரை நொடியைப் பொருட்படுத்தும் ஒரு மனுஷன் இருந்ததால் தோண்டப்பட்டது. அந்த மாதமே ரெடிஸ் என்ற இன்னொரு திறமூல டேட்டாபேஸ் தன் லைசென்ஸை மாற்றிக்கொண்டது. ஒரே கம்பெனியின் கையில் இருக்கும் திறமூலம் எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு அப்படி ஒரு முதலாளி இல்லை என்பது நான் அதில் நிற்க ஒரு பெரிய காரணம்.

ஒரே ஒரு வாடிக்கையாளர் இன்னும் ஆரக்கிள் எண்டர்பிரைஸில் இருக்கிறார். ஐந்து யூனிட், இரவும் பகலும் ஓட்டம், டேட்டாபேஸைப் பார்க்கவே அனுபவமுள்ள அம்மா ஒருவர். அவர்களை மாறச் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். அந்த அம்மா விடுப்பில் போகும் வாரம் மட்டும் எனக்குக் கொஞ்சம் பயம்.

2026 நவம்பரில் போஸ்ட்கிரெஸ் 14-க்கு ஆதரவு முடிகிறது. 17-க்குப் போகும் சோதனை இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. லாட் எண் நெடுவரிசையைப் பைட் வரிசைக்கு மாற்றிவிட்டோம். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் சோதனைப் பட்டியலைக் கொடுத்தேன். முதல் வரியில் இரண்டே எண்கள்: 1-1, 11. "இது என்னண்ணா?" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.