கால் வீக்கத்துக்கு ஜெனெடிக் கவுன்சிலிங், போகலாமா வேணாமா?

கண்டிப்பா போகலாம், முதல்லயே சொல்லிடறேன். ஜெனெடிக் கவுன்சிலிங்னா, நோய் பரம்பரையா வருதான்னு குடும்பத்தை விசாரிச்சு, டெஸ்ட் பார்த்து விளக்கி சொல்றது. சென்னைல ஒரு சென்டர், பேர் போடல. எங்க பொண்ணு வயசுக்கு வந்ததுலேர்ந்து ரெண்டு கணுக்காலும் வீங்கும், சாயங்காலம் ஆனா செருப்பு வார் அப்படியே பதிஞ்சிருக்கும், நம்ம பக்கம் கால் வீங்கினாலே யானைக்கால்னு முடிவு பண்ணிடறாங்க இல்லையா, ராத்திரில ரத்தம் எடுத்து பார்த்தாங்க, புழு இல்ல, ஆனாலும் மாத்திரை கொடுத்தாங்க, வீக்கம் துளி கூட வடியல.

இங்க நாங்க போனதும் கவுன்சிலர் மேடம் ஊசிய எடுக்கல. குடும்பத்தையே பேப்பர்ல வரைஞ்சாங்க, ஆம்பளைக்கு கட்டம், பொம்பளைக்கு வட்டம், மாமனாரோட அப்பா வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் "கண்ணு உறுத்துமா பாப்பா, கீழ பாரு"ன்னு சொல்லி லென்ஸ் வச்சு இமைய பார்த்தாங்க. இமை ஓரத்துல எண்ணெய் சுரப்பி இருக்கிற இடத்துலேர்ந்து இன்னொரு வரிசை முடி! கண் உறுத்துதுன்னு முன்னாடி ஒரு கிளினிக்ல அந்த முடிய பிடுங்கி விட்டிருக்காங்க, அதையும் காலையும் யாருமே சேர்த்து பார்க்கல. என் வீட்டுக்காரருக்கும் அதே முடி, கூடவே கால்ல நரம்பு சுருட்டல், ஆனா வீக்கம் கிடையாது.

டெஸ்ட்ல ஃபாக்ஸ்சி2 ஜீன்ல மாற்றம்னு வந்துச்சு. உடம்புல தேங்கற நீரை வடிச்சு ரத்தத்துக்கே திருப்பி அனுப்பற நிணநீர் குழாய்க்குள்ள இருக்கிற வால்வு சரியா உருவாக அந்த ஜீன் வேணுமாம், வால்வு சரியில்லன்னா நீர் மேல ஏறாம கீழயே திரும்பி வந்து தேங்கும், ரத்தக் குழாய் வால்வுக்கும் அதே கதைதான், அதான் நரம்பு சுருட்டல். பிறந்த குழந்தைக்கே பாதம் வீங்கியிருந்தா அது பெரும்பாலும் மில்ராய்ங்கிற நோய், அதுக்கு எஃப்எல்டி4னு வேற ஜீன். ஜிஏடிஏ2ங்கிற இன்னொரு ஜீன்ல மாற்றம்னா ரத்தப் புற்றுநோய் ரிஸ்க் இருக்கிறதால ரத்தத்தை தொடர்ந்து பார்க்கணும். எந்த ஜீன்னு தெரிஞ்சா எதை கவனிக்கணும்னு தெரியும், இதுக்குத்தான் டெஸ்ட். எங்களுக்கு இதயத்துக்கு ஒரு எக்கோ எடுக்க சொன்னாங்க, சில பேருக்கு பிறவியிலயே இதயக் கோளாறும் சேர்ந்து இருக்குமாம். எக்கோ நார்மல், அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்.

பொண்ணோட பிள்ளைங்களுக்கு 50 சதவீதம் வாய்ப்பு இருக்குன்னு மறைக்காம சொன்னாங்க, அதே நேரம் ஒரே வீட்லயே ஒருத்தருக்கு அதிகமா ஒருத்தருக்கு கம்மியா வரும்னும் பொறுமையா விளக்கினாங்க. ஜீனை சரி பண்ற மருந்து இல்ல, காலை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டாக்கிங், உடற்பயிற்சி, தோல்ல புண்ணு வராம பார்த்துக்கிறது, கால் சிவந்து காய்ச்சல் வந்தா உடனே ஆன்டிபயாடிக், இவ்வளவுதான். ஆசை காட்டி பேசாதது எனக்கு ரொம்ப பிடிச்சது.

குறைன்னா, ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், தமிழ்ல ஒரு பக்கமாவது தரலாம். வர்றதுக்கும் ரொம்ப லேட் ஆச்சு, செலவும் ஜாஸ்தி. சென்டருக்கு கீழ இருக்கிற கடைல ரெடிமேட் ஸ்டாக்கிங்தான் இருக்கு, அது வாங்காதீங்க, மடிஞ்சு கணுக்கால்ல இறுக்குது. இதுக்கு அளவெடுத்து பின்ற, பின்னாடி தையல் தெரியற ஃப்ளாட் நிட்தான் வேணும், வீக்கத்தை கட்டு கட்டி குறைச்ச பிறகு அளவு கொடுங்க.

இன்னொண்ணு, நிறைய பேருக்கு பேனல் டெஸ்ட்ல, அதாவது பல ஜீனை ஒண்ணா பார்க்கிற டெஸ்ட்ல, எந்த ஜீனும் சிக்காது, அதை முன்னாடியே கேட்டுக்கிட்டு பணம் கட்டுங்க. போகும்போது வீட்டு பெரியவங்க ஒருத்தரை கூட்டிட்டு போங்க, யாருக்கு எப்ப கால் வீங்குச்சுன்னு அவங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். 5க்கு 4.