டொம்கட்டில் கோப்புப் பாதை: கேட்டு அறிவதா, சொல்லி வைப்பதா?

பரந்தனில் ஒரு நெல் களஞ்சியத்துக்கு ஜாவாவில் சின்ன வலைச்செயலி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜாவா வலைச்செயலிகளை ஓட்டும் டொம்கட் என்ற சேர்வர் மென்பொருளில் அது ஓடுகிறது. மூடை நிறுத்ததும் நிறுவைத் துண்டைப் படம் எடுத்து ஏற்றுவார்கள். அந்தப் படங்கள் சேர்வரில் எங்கே போய் இருக்க வேண்டும் என்று செயலி எழும்பும்போதே அதற்குத் தெரிய வேண்டும். மூன்று வழியைப் பாவித்துப் பார்த்து, மூன்றாவதில் வந்து நிற்கிறேன்.

முதலாவது, ஜாவாவிடம் யூசர்.டிர் என்ற பண்பைக் கேட்பது. டெர்மினலில் எந்தக் கோப்புறையில் நின்று டொம்கட்டைத் தொடக்கினோமோ, அதையே பதிலாகத் தரும். லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி வழியாகச் சேவையாகத் தொடங்கினால், வேறு எதுவும் சொல்லாதவரை, லினக்ஸின் மூலக் கோப்புறைதான். கரண்ட் போய் வந்து சேர்வர் தானாக எழும்பினால் பாதை மாறிவிடும். இதை விடுங்கள்.

இரண்டாவது, செயலி எழும்பும்போது ஓடும் சேர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனர் என்ற நிரல் துண்டில், உண்மையான பாதையைச் சொல்லும் கெட்ரியல்பாத்தைக் கூப்பிடுவது. கோரிக்கைகளுக்குப் பதில் தரும் நிரல்களான சேர்வ்லெட்டுகளுக்கு முன்பே லிசனர் ஓடுவதால் நேரம் சரி. சாய்கோட்டில் தொடங்கும் பாதையைக் கொடுத்தால் செயலி விரிந்து கிடக்கும் இடத்தைச் சொல்லும். செயலி முழுவதையும் ஒரே பொதியாகக் கட்டிய வார் கோப்பை விரிக்காமல் ஓட்டினால் மட்டும் நல், அதாவது வெறும் மதிப்பு, வரும். படிப்பதற்கு மட்டுமான வார்ப்புருக் கோப்பு என்றால் இந்தப் பாதையே தேவையில்லை, கோப்பின் உள்ளடக்கத்தை நேரே படிக்கத் தரும் கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் போதும்.

நான் அடிபட்டது அந்த நல் மதிப்பால் அல்ல. காலபோக அறுவடை நேரம், ஒரு திருத்தம் செய்து புதிய வார் கோப்பைப் போட்டேன். டொம்கட் பழைய விரிந்த கோப்புறையை அழித்துவிட்டுப் புதியதை விரித்தது. அது தன் வேலையைத்தான் செய்தது. உள்ளே இருந்த துண்டுப் படங்கள்தான் போய்விட்டன. இரண்டு நாள் துண்டுகளைத் தேடித் தேடித் திரும்பப் படம் எடுத்தோம். அதிலிருந்து எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்த முறை புதிய வார் போடும்போது என்ன மிஞ்சும்?

அப்படிக் கேட்டால் மூன்றாவது வழிதான் தேறுகிறது. பாதையைச் செயலி தேடவே வேண்டாம், வெளியிலிருந்து நாமே சொல்லிவிடலாம். ஜாவா தொடங்கும்போது கழித்தல் குறியும் பெரிய டி எழுத்தும் போட்டுப் பாதையைக் கொடுப்பேன், லிசனர் அதைப் படித்துக்கொள்ளும். வார் நூறு தரம் மாறினாலும் படங்கள் இருந்த இடத்தில் இருக்கும். காப்புப் பிரதி எடுப்பவருக்கும் ஒரே ஒரு கோப்புறையைக் காட்டினால் போதும். வேறு சேர்வருக்கு மாற்றும்போது குறியீட்டில் கை வைக்கவும் தேவையில்லை.

இதிலும் ஒரு கல் உண்டு. உபுண்டுவில் பொதியாக வரும் டொம்கட் 9, சிஸ்டம்டி கட்டுப்பாட்டால் வெளிக் கோப்புறைகளில் எழுத விடாது. கோப்புறையின் உரிமையாளரை மாற்றியும் எழுதாமல் நின்றபோது அரை நாள் தலையைப் பிய்த்தேன். சேவையின் அமைப்பை மாற்றும் மேலெழுதல் கோப்பில், எழுத விடும் இடங்களைச் சொல்லும் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் அந்தக் கோப்புறையைச் சேர்த்த பிறகுதான் வழிக்கு வந்தது.

டொம்கட் போன்ற இன்னொரு சேர்வரான ஜெட்டியை ஒரு கிழமைதான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் என் பேச்சை டொம்கட்டுக்கு மட்டும் எடுங்கள்.

இப்போது லிசனர் முதல் வேலையாக அந்தக் கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை எழுதிப் பார்க்கிறது. எழுத முடியாவிட்டால் விதிவிலக்கை எறிந்து, செயலியை எழும்ப விடாமலே நிறுத்திவிடும். களஞ்சியத்திலிருந்து காலை ஏழு மணிக்கே போன் வரும், ஆனால் அதற்குள் ஒரு துண்டும் தொலைந்திருக்காது.