கோவைக்குத் திரும்பும் கம்பெனி வக்கீல் எந்த ஆபீஸில் சேரலாம்?

மும்பையிலோ சென்னையிலோ பெரிய சட்ட நிறுவனத்தில் பத்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, அப்பா அம்மாவுக்கு வயதாகிறதே என்று கோவைக்கு வரும் வக்கீல்கள் முதலில் விசாரிப்பது சம்பளத்தை. அந்த ஆபீஸுக்கு வேலையை அனுப்புவது யார் என்று விசாரிப்பவர் குறைவு.

சென்னையில் உங்களிடம் வேலை தந்தது இன்னொரு கம்பெனியின் சட்டப் பிரிவு. இங்கே பம்பு, ஃபவுண்டரி, நூல் மில் என்று எதுவானாலும் முதலாளியே நேரில் வருவார். அவரை அனுப்பியது பெரும்பாலும் ஆடிட்டர். இருபது பக்கப் பங்குதாரர் ஒப்பந்தத்தை நீங்கள் விளக்கி முடித்ததும், "ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்று எழுந்துவிடுவார். கோபம் வேண்டாம், அதுதான் ஊர் வழக்கம்.

கையில் இருப்பது மூன்று வழி.

சென்னை நிறுவனத்தின் கோவைக் கிளை. பழகிய வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், மணிக்கணக்கில் பில். ஆனால் கிளையில் இருப்பவர் பாதி நேரம் தபால்காரர்தான். கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் கோவையிலேயே இருக்கிறது, கடன் மீட்புத் தீர்ப்பாயமும் இருக்கிறது. கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்கு மட்டும் சென்னை அமர்வுதான். 2023-இல் வந்தே பாரத் வந்தும், காலையில் ஏறினால் சென்னை போய்ச் சேர நண்பகல் நெருங்கிவிடுகிறது. பத்தரைக்கு ஆஜராக வேண்டியவருக்கு இன்றும் முந்தின இரவு சேரன் எக்ஸ்பிரஸ்தான். காணொளி விசாரணை வந்து அலைச்சல் குறைந்திருக்கிறது. கூடவே, சென்னையில் இருப்பவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம், கோவையில் ஆள் எதற்கு என்ற கேள்வியும் வந்துவிட்டது.

ஆடிட்டர் நிறுவனத்துக்குள் சட்டப் பிரிவு. வேலை ஊறும் கிணற்றிலேயே போய் உட்காருகிற மாதிரி. ஆனால் பார் கவுன்சில் விதிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் அந்த வேலையில் இருக்கும்வரை வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. சம்பளம் வேண்டாம், கட்டணத்தில் பங்கு தாருங்கள் என்றால் அதுவும் நடக்காது, வக்கீல் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடத் தடை இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் சன்னதை, அதாவது வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமத்தை, தூக்கி வைத்துவிட்டு, பின்னால் திரும்ப எடுக்கலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

மூன்றாவது, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இரண்டு தலைமுறையாக நடக்கும் சிவில் ஆபீஸ். மும்பையிலிருந்து வருகிறவர் இதைத்தான் முதலில் ஒதுக்குகிறார். நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். வெளியே பாகப்பிரிவினை வழக்கு மாதிரித் தெரியும். கட்டைப் பிரித்தால் உள்ளே முழுக்கக் கம்பெனிச் சட்டம். அண்ணனுக்கு மில், தம்பிக்கு பம்பு கம்பெனி என்று பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் பேசி முடித்திருப்பார்கள். இரண்டிலும் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கும். மில் வாங்கிய கடனுக்குத் தம்பி போட்ட ஜாமீன் கையெழுத்து வங்கியில் அப்படியே கிடக்கும். கம்பெனி நிலத்தை வீட்டு நிலமாக நினைத்துப் பங்கு போட்டிருப்பார்கள். அதைத் தீர்ப்பாயம் வரை போகவிடாமல், வரி, முத்திரைத் தீர்வை, வங்கி ஒப்புதல் எல்லாம் பார்த்துப் பிரித்துக் கொடுக்க அந்த ஆபீஸில் ஆள் இருக்காது. அந்த இடம் உங்களுக்கானது.

குறைகளும் உண்டு. மணிக்கணக்கு பில் என்றால் சிரிப்பார்கள், மொத்தமாக ஒரு தொகைதான். அதுவும் பாதி வேலை முடிந்த பிறகு, காபி குடித்துக்கொண்டே பேசி முடிவாகும். சீனியரின் மகன் சட்டம் படித்துக்கொண்டிருந்தால் பெயர்ப் பலகையில் அடுத்த பெயர் யாருடையது என்பதை இப்போதே கேட்டுவிடுவது நல்லது. கம்பெனி பைல்களில் உங்கள் பங்கு எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஊருக்கெல்லாம் ஒப்பந்தம் எழுதுகிறவர் தன் விஷயத்தை வாய்வார்த்தையில் விடுவது நம் தொழிலில் சகஜம்.

பேசப் போகும்போது சீனியரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கடைசியாக வந்த பத்து கம்பெனி பைல்களை எந்தெந்த ஆடிட்டர் அனுப்பினார்? நாலைந்து வெவ்வேறு பெயர்கள் வந்தால் சேரலாம். பத்தும் ஒரே ஆடிட்டர் என்றால், முதலில் அந்த ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள்.