கடனே வாங்காதவனுக்கு ஒரு கிரெடிட் கார்டு: நான்கு வருடம் கழித்து

யாரிடமும் ஒரு பைசா கடன் வாங்கியதில்லை என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை இருந்தது. 31 வயதுவரை அப்படித்தான். சம்பளம் வரும், செலவாகும், மிஞ்சியது சேமிப்புக் கணக்கில் கிடக்கும். வண்டியைக்கூட மாதாமாதம் சேர்த்து, மொத்தமாகக் கொடுத்துத்தான் எடுத்தேன். அப்படிப்பட்டவனுக்கு வங்கி சிவப்புக் கம்பளம் விரிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதன்முதலாக ஒரு கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தேன். இரண்டாம் நாளே ஒரு வரியில் பதில் வந்தது. எங்கள் உள்விதிகளின்படி தற்போது கார்டு வழங்க இயலாது. காரணம் கேட்டுப் போன் போட்டேன்.

"சார், உங்களுக்கு ஸ்கோர் வரல சார்."

"கம்மியா இருக்கா?"

"இல்ல சார். ஸ்கோரே இல்ல."

ஸ்கோர் என்றால், வங்கிகளிடமிருந்து நம் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவை வைத்து நமக்குப் போடும் மதிப்பெண். குறைந்த ஸ்கோர் வேறு, இல்லாத ஸ்கோர் வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டினவனைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். வாங்கிக் கட்டாதவனைப் பற்றியும் தெரியும். வாங்கவே வாங்காதவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இந்தியாவின் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை போகும், அமெரிக்காவின் ஃபைகோ 300 முதல் 850 வரை. என்னைப் போன்றவர்கள் அந்த அளவுகோலின் அடியில்கூட இல்லை, அதற்கு வெளியே நிற்கிறோம். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு கிடந்தாலும் ஸ்கோரில் அது சேராது. வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்தது, டெபிட் கார்டைப் பத்து வருடம் தேய்த்தது எதுவும் கணக்கில் இல்லை.

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் அதே வாரம் இன்னும் இரண்டு இடத்தில் விண்ணப்பித்தேன். இரண்டிலும் அதே பதில். அப்புறம்தான் அந்த நிறுவனங்கள் என்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவை, அதாவது என் கடன் அறிக்கையை, எடுத்துப் பார்த்தேன். கணக்குகள் என்ற பக்கம் வெறுமையாக இருந்தது. விசாரணைகள் என்ற பக்கத்தில் மட்டும் மூன்று வரி. வீட்டில் குடியிருப்பே இல்லை, ஆனால் கதவைத் தட்டிவிட்டுப் போனவர்கள் பட்டியல் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி உள்ளே போய் எட்டிப் பார்க்கும், அந்த எட்டிப் பார்த்தலும் பதிவாகும், அடுத்த வங்கி அதையும் படிக்கும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்த்தால் அதனால் ஸ்கோர் குறையாது. முதலில் அதைச் செய்துவிட்டு அப்புறம் விண்ணப்பித்திருக்க வேண்டும், நான் தலைகீழாகச் செய்தேன்.

அக்காவிடம் புலம்பினேன். "என் கார்டுலயே உனக்கும் ஒண்ணு துணைக் கார்டா வாங்கித் தரேன்டா" என்றாள். நல்ல யோசனைதான். ஆனால் அது நமக்கு வரலாறாகச் சேருமா என்பது நாட்டையும் வங்கியையும் பொறுத்தது. அமெரிக்காவில் துணைக் கார்டு வைத்திருப்பவரின் அறிக்கையிலும் அது ஏறுவது வழக்கம். மற்ற இடங்களில் எல்லாம் பிரதானக் கார்டுக்காரரின் பெயரிலேயே போய்விடவும் கூடும். அதைவிட, நான் ஒரு மாதம் சொதப்பினால் அக்காவின் ஸ்கோரும் சேர்ந்து விழும். வேண்டாம் என்றுவிட்டேன்.

கடைசியில் எடுத்தது டெபாசிட்டை ஈடாக வைத்துத் தரும் கார்டு. வங்கியில் ஒரு தொகையை வைப்பாகப் போட வேண்டும், அதில் 80 சதவீதம் எனக்கு லிமிட், அதாவது கார்டில் செலவழிக்கக்கூடிய உச்ச அளவு. நம் பணத்தையே அடகு வைத்து நாமே கடன் வாங்குவதா என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்று பேர் கதவைச் சாத்திய பிறகு நான்காவது ஆள் திறந்தால் சிரித்துக்கொண்டே உள்ளே போவதுதான் புத்தி. வாங்குவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டேன், இரண்டும் உருப்படியான கேள்விகள் என்று இப்போதும் நினைக்கிறேன். மாதாமாதம் இந்தக் கணக்கைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புவீர்களா? டெபாசிட்டுக்கு வட்டி உண்டா? முதல் கேள்விக்கு ஆமாம் என்ற பதில் வராவிட்டால் இந்தக் கார்டை வாங்குவதில் அர்த்தமே இல்லை. முன்கூட்டியே நம் பணத்தைப் போட்டுத் தேய்க்கும் ப்ரீபெய்டு கார்டைக் கிரெடிட் கார்டு என்று நினைத்து வாங்கி, ஒரு வருடம் தேய்த்த பிறகும் அறிக்கை காலியாகவே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கார்டு வந்தது. ஈடு வைத்து வாங்கியது என்று அதில் எங்கும் எழுதியில்லை. கடையில் நீட்டும்போது யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இதைச் சிலர் பெரிதாக யோசிப்பார்கள், அதனால் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டதுதான் இந்த நான்கு வருடத்தின் பெரும்பகுதி. அதிலும் முதல் அடி ஆட்டோ டெபிட்டில், அதாவது பில் பணம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஏற்பாட்டில், விழுந்தது. ஆப்பில் ஆட்டோ டெபிட் போடும் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. மேலே மினிமம் டியூ, அதாவது கட்டாயம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை; கீழே டோட்டல் டியூ, பில்லின் முழுத் தொகை. மேலே இருந்த வட்டம் ஏற்கெனவே டிக் ஆகியிருந்தது. நான் கவனிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். தேதி வந்தது, பணம் போனது, பணம் செலுத்தப்பட்டது நன்றி என்று மெசேஜும் வந்தது. நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த ஸ்டேட்மென்ட்டில், அதாவது மாத பில்லில், வட்டி என்று ஒரு தொகை, அந்த வட்டிக்கு அரசு வரி என்று இன்னொரு தொகை. போனது பில்லில் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதம் கடனாகி நின்றது. அதுகூடப் பரவாயில்லை. பாக்கிக்கு மட்டும்தானே வட்டி, அதுவும் கெடு தேதிக்கு அப்புறம்தானே என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடுகிறது. கெடு தேதிக்கு மறுநாள் புதிதாக வாங்கிய ஒரு சோப்புக்கும் வட்டி. முழுத் தொகையைக் கட்டுகிறவனுக்குத்தான் வட்டியில்லா நாட்கள். பாக்கி வைத்தவனுக்கு அந்தச் சலுகையே போய்விடுகிறது, பழைய பாக்கி முழுக்கத் தீரும்வரை. மொத்தத்தையும் கட்டிவிட்டேன். அப்படியும் அதற்கடுத்த மாதம் ஒரு சில்லறை வட்டி வந்து நின்றது. ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய நாட்களுக்கானதாம் அது.

என் கார்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம். மாதம் என்று போடுவதால் சின்னதாகத் தெரிகிறது, வருடத்துக்கு 42. வட்டிமேல் வரும் அரசு வரியைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும், மினிமம் 5 சதவீதம் கட்டுகிறவனுக்கு அதில் 3.5 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது ஒன்றரை சொச்சம்தான். புதிதாக எதுவும் வாங்காமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் கடன் பாதியாகவே மூன்று வருடம் தாண்டிவிடும். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அறிக்கையில் கறுப்புப் புள்ளி விழாது. அவ்வளவுதான் அதன் உபயோகம். அந்த வட்டத்தை மேலே வைத்து, முன்கூட்டியே டிக்கும் போட்டு வைத்தவர் யாரோ, அவர் சம்பளத்துக்கு உழைத்திருக்கிறார்.

இன்னொன்று தேதிகள். கெடு தேதியைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் போனது ஸ்டேட்மென்ட் தேதி. என் கார்டில் 18-ஆம் தேதி ஸ்டேட்மென்ட், அதிலிருந்து 20 நாள் அவகாசம். மார்ச் 17-இல் ஒன்றை வாங்கினால் ஏப்ரல் 7-இல் கட்ட வேண்டும், 21 நாள். இரண்டு நாள் பொறுத்து மார்ச் 19-இல் வாங்கினால் மே 8 வரை நேரம், 50 நாள். பெரிய செலவு எதுவானாலும் 19-ஆம் தேதிக்குத் தள்ளிப்போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வீட்டில் "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் செலவைப் பற்றிப் பேசுவார்கள்.

ஸ்டேட்மென்ட் தேதி முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் கார்டின் லிமிட் எப்போதும் சின்னது. சின்ன லிமிட்டில் சாதாரணச் செலவே பெரிதாகத் தெரியும். ஐந்தாவது மாதம் வாஷிங் மெஷின் போய்விட்டது. புதியதை இந்தக் கார்டில் வாங்கினேன். கையில் பணம் இருந்தது, கெடுவுக்கு முன்னாலேயே முழுசாகக் கட்டியும்விட்டேன். ஆனால் ஸ்டேட்மென்ட் போட்ட அன்று லிமிட்டில் 85 சதவீதம் தேய்ந்திருந்தது, தகவல் நிறுவனத்துக்குப் போனது அந்தப் படம்தான். ஒழுங்காகக் கட்டியவன் என்பது அதில் இருக்கும், ஆனால் கழுத்துவரை கடனில் நிற்பவன் போலவும் தெரியும். அதற்கப்புறம் பெரிதாக ஏதாவது வாங்கினால் 16-ஆம் தேதியே ஆப்பில் போய்ப் பாதிக்கு மேல் கட்டிவிடுவேன். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது ஏதோ கோடு போட்ட எல்லை இல்லை, குறையக் குறைய நல்லது என்பதுதான் விஷயம்.

ஸ்கோர் எப்போது வரும் என்று முதல் மாதத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், பயிர் முளைத்ததா என்று தினமும் மண்ணைத் தோண்டிப் பார்ப்பவன் மாதிரி. ஃபைகோ முறையில் ஒரு கணக்குக்காவது ஆறு மாத வயது ஆகாமல் ஸ்கோரே போட மாட்டார்கள். எனக்கும் ஏறத்தாழ அந்தக் கணக்குதான், ஏழாவது மாதம் முதல் எண் வந்தது. மோசமில்லை. ஃபைகோ தன் கணக்கை வெளியே சொல்லியிருக்கிறது: ஒழுங்காகக் கட்டியதற்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதற்கு 30, வரலாற்றின் நீளத்துக்கு 15, புதிய கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. முதல் இரண்டையும் சேர்த்தால் 65. முதல் கார்டுக்காரன் கையில் பெரும்பாலும் இருப்பதும் அந்த இரண்டுதான். மீதியில் பெரும்பகுதியை வயதுதான் தர முடியும், அதை யாரும் முந்திக்கொண்டு வாங்க முடியாது.

கார்டின் மற்ற சங்கதிகள் சுருக்கமாக. ரிவார்டு புள்ளிகள் பேருக்குத்தான், நான்கு வருடத்தில் சேர்ந்ததை வைத்து ஒரு ஹெட்போன் வாங்கினேன். ஆப் மோசமில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது, அணைத்தே வைத்திருக்கிறேன். ஏடிஎம்மில் இந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்ததில்லை. எடுத்தால் அந்த நிமிடத்திலிருந்தே வட்டி, மேலே தனிக் கட்டணம். ஒருமுறை ஓட்டலில் அறை எடுத்தபோது முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைத்தார்கள். செலவே ஆகாத பணம், ஆனால் விடுவிக்கும்வரை என் சின்ன லிமிட்டில் பாதி முடங்கிக் கிடந்தது. சாப்பாட்டு பில்லுக்கு நீட்டினால் மெஷின் நிராகரித்தது. பின்னால் வரிசையில் நின்றவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. சின்ன லிமிட்காரர்கள் அறைக்கு டெபிட் கார்டையோ ரொக்கத்தையோ வைத்துக்கொள்வது மேல்.

ஒன்றரை வருடத்தில் வேறொரு வங்கியே கூப்பிட்டு, ஈடு எதுவும் இல்லாமல் கார்டு தருகிறோம் என்றது. முதலில் என்னை நிராகரித்த மூன்றில் ஒன்று. சம்பளம் அதேதான், வேலை அதேதான். இந்த முறை அரை மணி நேரத்தில் ஒப்புதல். லிமிட் முதல் கார்டைப் போல ஐந்து மடங்கு. வாங்கிக்கொண்டேன், ரோஷம் பார்க்கவில்லை.

அப்புறம் முதல் கார்டை என்ன செய்வது என்ற கேள்வி. டெபாசிட் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது, கார்டை ஒப்படைத்தால்தான் அது திரும்ப வரும். ஆனால் என் வரலாற்றிலேயே மூத்த கணக்கு அதுதான். மூடினால் அதன் லிமிட்டும் போகும், கொஞ்ச காலம் கழித்து அதன் வயதும் கணக்கிலிருந்து நழுவும். ஆண்டுக் கட்டணம் இருந்திருந்தால் தயங்காமல் மூடியிருப்பேன். இல்லை, டெபாசிட்டுக்கும் வட்டி வந்துகொண்டிருக்கிறது. அதனால் வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தால் வங்கியே மூடிவிடுமோ என்று மொபைல் பில்லை மட்டும் அதில் போட்டிருக்கிறேன்.

போன மாதம் காலாவதி தேதி நெருங்குகிறது என்று புதிய கார்டு அனுப்பினார்கள். பழையதில் பின்பக்கத்து மூன்று எண்களும் தேய்ந்து மறைந்திருந்தன. புதியதை ஆப்பில் சேர்த்துவிட்டு, முதல் வேலையாக ஆட்டோ டெபிட் பக்கத்துக்குப் போனேன். மேலே இருந்த வட்டம் மறுபடியும் டிக் ஆகியிருந்தது.