சொரியாசிஸ்: களிம்பா, தைலமா, ஒளியா, மாத்திரையா?

எனக்கு முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் வந்து பதினோரு வருஷம். சாதாரணமாக ஒரு மாதத்தில் நடக்கும் தோல் புதுப்பிப்பு எங்களுக்கு நாலைந்து நாளில் நடந்து, செல்கள் குவிந்து செதிலாக உதிர்கின்றன. இந்த நோய் தொட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது, அடியோடு போகவும் போகாது. அதனால் எந்த மருந்தையும் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை வருஷம் அதோடு ஓட்ட முடியும் என்றும் பாருங்கள்.

வேகத்தில் ஸ்டீராய்டு களிம்புக்குத்தான் முதலிடம். குளோபெடசால் போட்டால் சில நாளிலேயே சிவப்பு வற்றத் தொடங்கும். அந்த ஆசையில் மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கி எட்டு மாதம் தேய்த்தேன். முழங்கை மடிப்பில் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிய படையாகக் கிளம்பியது. பிறகுதான் டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்தார்: ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இரண்டு வாரம் போட்டு, அப்புறம் ஸ்டீராய்டு இல்லாத, வைட்டமின் டி வகைக் களிம்பான கால்சிபோட்ரியாலுக்கு மாறினேன்.

சித்த வைத்தியத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கருஊதாவாக மாறும். தலையணை உறையெல்லாம் கறை. ஆனால் செதில் இளகி, அரிப்பு அடங்கி, ராத்திரி தூக்கம் வந்தது. சிவப்பும் தடிப்பும் எனக்குக் குறையவில்லை. களிம்புக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். மாற்றாக வைக்க மாட்டேன்.

உடம்பில் பரவலாக இருந்தால் நான் முதலில் கேட்கச் சொல்வது 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி சிகிச்சையைத்தான். கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று தடவை, இரண்டு மூன்று மாதம் போகவேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அதுவே பெரிய செலவு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவில் விசாரியுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை விலை குறைவு. வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டமிட்டு வையுங்கள். மது கூடாது, கர்ப்பத்தில் கூடவே கூடாது, ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. செகுகினுமாப் போன்ற ஊசிகள் நன்றாகக் கேட்கின்றன. விலை பலருக்கு எட்டாது.

காலையில் விரல் மடக்க முடியாமல் விறைத்து நின்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். சொரியாசிஸ் மூட்டுகளையும் பிடிக்கத் தொடங்கியதாக இருக்கலாம். களிம்பும் தைலமும் ஒளியும் மூட்டுவரை போகாது. அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.