ஈரம் அளக்கும் மோல்டிங் ஆலை: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

கோவை குறிச்சி சிட்கோவில் உள்ள ஓர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திப் பாகம் செய்யும்) ஆலையிடமிருந்து, மோட்டாரும் பம்பும் ஒரே உடலில் அமைந்த எங்கள் மோனோபிளாக் பம்புகளுக்கான பிளாஸ்டிக் பாகங்களை ஐந்து ஆண்டுகளாக வாங்கி வருகிறோம். சென்ற ஐப்பசி மழையில் அவர்கள் அனுப்பிய மோட்டார் கூலிங் ஃபேன்களில், வெர்னியர் வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் இதழைக் கட்டைவிரலால் அழுத்தியவுடன் பிஸ்கட்டைப் போல முறிந்தது. அந்த லாட்டை முழுவதுமாகத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு ஆலையில் பல மாற்றங்கள் செய்திருப்பதாகச் சொல்லி அழைத்ததால், நேரில் சென்று அரைநாள் இருந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வாசலிலேயே கண்ணில் படுவது கன்வேயருக்கு மேல் பொருத்தப்பட்டுள்ள கேமரா. வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுகிறார்கள். ஓரத்தில் பிசிறு நிற்கும் பாகத்தையும், பிளாஸ்டிக் முழுமையாக நிரம்பாத பாகத்தையும் அது உடனே ஒதுக்குகிறது. ஆயினும் கருப்பு ஃபேனில் உருகிய பிளாஸ்டிக்கின் இரண்டு ஓட்டங்கள் சேரும் இடத்தில் விழும் மெல்லிய கோடு, நான் பார்த்த வரையில், அதற்குத் தெரியவில்லை. விளக்கின் கோணத்தை மாற்ற வேண்டும் என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை, அங்கே செய்த செலவுகளில் மிகவும் பயனுள்ளது எவரும் திரும்பிப் பார்க்காத மூலையில் இருக்கிறது. எங்கள் ஃபேன் 30 சதவீதக் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் செய்யப்படுவது. நைலான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். அந்த ஈரத்தோடு அதை மெஷினில் ஏறத்தாழ 280 டிகிரி வரை சூடாக்கி உருக்கும்போது, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுபட்டு, வடிவமும் அளவும் சரியாக இருக்க, வலிமை மட்டும் போய்விடுகிறது. முன்பு, பிளாஸ்டிக் குருணையைக் கொட்டும் தொட்டியான ஹாப்பரின் மேல் இருந்த வெப்பக்காற்று டிரையர், மழைக்காலத்தின் ஈரக்காற்றையே சூடாக்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது காற்றிலுள்ள ஈரத்தை முதலில் அகற்றிவிட்டு, 80 டிகிரியில் குருணையை உலர்த்தும் டிஹியுமிடிஃபையிங் டிரையரை வைத்திருக்கிறார்கள். அதன் அருகே ஒரு சிறிய ஈரப்பதமானி. ஆபரேட்டர் ஒரு கரண்டி குருணையை அலுமினியத் தட்டில் பரப்பி மூடினார்; சில நிமிடங்களில் திரையில் 0.14 என்று வந்தது. 0.2 சதவீதத்தைத் தாண்டினால் அந்தக் குருணையை மெஷினுக்கு விடுவதில்லை என்றார். மோல்டு ஆகி வெளியே வந்த பிறகு எந்த அளவுகோலாலும் பிடிக்க முடியாத குறையை, மெஷினுக்குள் போகும் முன்பே தடுக்கும் சோதனை இது.

புதிய அளவீட்டு அறையும் நன்றாக அமைந்திருக்கிறது. ஏசி 20 டிகிரியில் நிற்கிறது. பிளாஸ்டிக் எஃகைவிடப் பல மடங்கு விரியும் என்பதால், பாகங்களை ஒருநாள் அங்கே வைத்திருந்த பிறகே அளக்கிறார்கள். நோரில் என்ற பிளாஸ்டிக்கில் கண்ணாடி இழை கலந்து செய்த எங்கள் இம்பெல்லரின் (பம்பில் தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின்) வாய் வட்டத்தை, முப்பரிமாண அளவீட்டுக் கருவியான சிஎம்எம் மெஷினின் சிவப்பு மாணிக்க முனை சுற்றிச் சுற்றித் தொட்டு அளந்ததை அருகிலிருந்து பார்த்தேன். கண்ணாடி இழைகள் உருகிய பிளாஸ்டிக் பாயும் திசையிலேயே படுப்பதால், அந்தத் திசையில் சுருக்கம் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் இருந்து, வட்டம் முட்டை வடிவம் கொள்வதுண்டு. துளையில் நுழைத்துப் பார்க்கும் பிளக் கேஜ் உள்ளே போகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் எவ்வளவு கோணியிருக்கிறது என்பதை சிஎம்எம் அறிக்கை சொல்வதால், டை (அச்சு) திருத்துபவருக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிகிறது.

குறை ஒன்று உண்டு: ஈரப்பத அளவைக் குறிக்கும் நோட்டு டிரையர் பக்கத்திலேயே தொங்குகிறது, வாடிக்கையாளருக்கு வருவதில்லை. விலையும் சற்றுக் கூடியிருக்கிறது. முறிந்த ஃபேனுக்காகச் சர்வீஸ் ஆளை ஊர் ஊராக அனுப்பிய செலவை நினைத்தால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கார்த்திகைத் தேவைக்கு 4,000 ஃபேன்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு லாட்டுடனும் ஈரப்பத அளவுச் சீட்டும், அதே லாட்டில் மோல்டு செய்த ஐந்து உபரி ஃபேன்களும் வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதியிருக்கிறேன். அந்த ஐந்தின் இதழ்களையும் நானே வளைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டிகள் ஸ்டோருக்குப் போகும்.