அவருக்கு டைவ் கம்ப்யூட்டர்: லியோனார்டோவா, பெரெக்ரீனா, கைக்கடிகாரமா?

ஸ்கூபா பழகிய கணவருக்கோ மனைவிக்கோ பரிசு தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது, ஆழத்தையும் கீழே இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதையும் மணிக்கட்டில் காட்டும் டைவ் கம்ப்யூட்டரில்தான். மாஸ்க் முகத்துக்குப் பொருந்த வேண்டும், ஃபின் காலுக்குப் பொருந்த வேண்டும், வெட்சூட்டை ஆள் இல்லாமல் வாங்கவே முடியாது. கம்ப்யூட்டர் யார் மணிக்கட்டிலும் ஏறிவிடும், அளவுத் தொல்லை இல்லை என்று தோன்றும். ஏறும்தான். ஆனால் அதைப் படிக்க வேண்டியது கண். அதனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதா என்பது.

என் வீட்டுக்காரர் நாற்பத்தைந்தைத் தாண்டியவர். பேப்பரைக் கை நீட்டிப் பிடித்துத்தான் படிக்கிறார். கண்ணாடி போடச் சொன்னால், "இன்னும் அந்த அளவுக்கு வரல" என்பார். கடலூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, புதுச்சேரி தேங்காய்த்திட்டில் படகேறி இருவரும் சேர்ந்துதான் டைவுக்குப் போவோம். கீழே போனதும் தன் கையில் கட்டிய வாடகைக் கம்ப்யூட்டரை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். நான் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் என்று விரல்களில் காட்டுவேன். இவருக்குச் சொந்தமாக ஒன்று வாங்கித் தரலாம் என்று நான் அலச ஆரம்பித்ததற்கு இதுவே காரணம்.

தண்ணீருக்குள் மாஸ்க் வழியே பார்த்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்; இதைக் கேட்டு, வெள்ளெழுத்துக்காரருக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். அதே சமயம் அவை கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதுதான் அவருக்குப் பிரச்சினை. போதாததற்கு நம் கடல். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கொண்டுவந்து கொட்டும் வண்டலில், சில நாள் பக்கத்தில் நீந்தும் ஜோடியின் ஃபின் கூட மங்கலாகத்தான் தெரியும். பதினெட்டு மீட்டரில் சிவப்பு நிறம் போய்விடும், எல்லாம் பச்சைச் சாம்பல். அந்த வெளிச்சத்தில் சாம்பல் திரையில் கறுப்பு எழுத்தைப் படிக்க வேண்டும்.

கருவி செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆழம் போகப் போக, அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடம்பில் ஏறுகிறது. பதினெட்டு மீட்டரில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல 2.8 மடங்கு. அளவுக்கு மேல் ஏறிய பிறகு சட்டென்று மேலே வந்தால், அது இரத்தத்திலும் திசுக்களிலும் குமிழாக மாறிப் படுத்தும். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்குத் தாள் அட்டவணை உண்டு. பேடி (PADI) என்ற டைவ் பயிற்சி நிறுவனத்தின் அட்டவணைப்படி, அன்றைய முதல் டைவில் பதினெட்டு மீட்டருக்கு 56 நிமிடம், முப்பது மீட்டருக்கு 20 நிமிடம். ஆனால் யாரும் ஒரே ஆழத்தில் அசையாமல் நிற்பதில்லை. கம்ப்யூட்டர் சில விநாடிகளுக்கு ஒருமுறை உண்மையான ஆழத்தை அளந்து, மீதி நிமிடங்களைத் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. வேகமாக மேலே வந்தால் கத்தும். மேலே வரும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் சேஃப்டி ஸ்டாப்பை எண்ணிச் சொல்லும். இந்த வேலைகளைச் சந்தையில் இருக்கும் எல்லாக் கருவியும் செய்யும். மிகக் குறைந்த விலைக் கருவியும் செய்யும். காசு வாங்குவது மற்றதற்கு.

கிரெஸ்ஸி லியோனார்டோ

இத்தாலிக் கம்பெனியின் அடிமட்ட மாடல். என் கையில் இருப்பது இதுதான், அதனால் கொஞ்சம் பாசத்தோடு சொல்கிறேன். ஒரே ஒரு பட்டன். லேசாக அழுத்தினால் ஒன்று, அழுத்திப் பிடித்தால் இன்னொன்று. முதல் வாரம் எரிச்சல் வரும், அப்புறம் விரலுக்குப் பழகிவிடும். காற்று, நைட்ராக்ஸ் (50 சதவீதம் வரை ஆக்சிஜன் கூட்டிய காற்று), வெறும் ஆழமானி என்று மூன்று முறைகள் உண்டு. திரையில் எண்கள் கொழுகொழுவென்று பெரிதாக இருக்கும், கறுப்பு வெள்ளைதான். வெயில் இறங்கும் தெளிவான நாளில் கச்சிதமாகத் தெரியும். கலங்கலில் விளக்கை அழுத்த வேண்டியிருக்கும். பேட்டரி சிஆர்2430, நாமே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்கும் 2032 இதற்கு ஆகாது. ஆன்லைனில் இரண்டு வாங்கி டப்பாவில் போட்டு வைத்துவிட வேண்டும். மாற்றும்போது ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் உப்புத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

மாரெஸ் பக் புரோவும் ஏறக்குறைய இதே ரகம்: ஒரு பட்டன், நாமே மாற்றக்கூடிய பேட்டரி, பெரிய எண்கள். சூன்டோ ஜூப் நோவோவில் பட்டன் நான்கு, உடம்பு தடிமன். இந்த மூன்றில் எது சல்லிசாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். இவற்றுக்குள் நுணுக்கமாக ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வதில் பயன் இல்லை.

ஷியர்வாட்டர் பெரெக்ரீன்

2020-ல் வந்த கனடா நாட்டுக் கருவி. 2.2 அங்குல வண்ணத் திரை. கறுப்புப் பின்னணியில் எண்கள் தாமாகவே ஒளிர்கிற மாதிரி நிற்கும். கவனிக்க வேண்டியது மஞ்சளிலும் சிவப்பிலும் வரும். பட்டன் இரண்டுதான், எந்த நேரத்தில் எந்தப் பட்டன் என்ன செய்யும் என்று திரையிலேயே எழுதியிருக்கும். எச்சரிக்கை வந்தால் மணிக்கட்டில் அதிரும். இதில் திசைகாட்டி கிடையாது, சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று வயர் இல்லாமல் காட்டும் வசதியும் கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் அதற்குப் பின் வந்த பெரெக்ரீன் டிஎக்ஸ் இருக்கிறது. டைவ் மாஸ்டர் முன்னால் போக, பின்னால் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு இரண்டும் அவசியமில்லை. காற்றைப் பார்க்க ரெகுலேட்டர் குழாயில் தொங்கும் கேஜ் போதும்.

வயர்லெஸ் தட்டில் வைத்து சார்ஜ் செய்ய வேண்டும். நடுத்தர வெளிச்சத்தில் முப்பது மணி நேரம் தாங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. வாரக் கடைசி டைவருக்கு அது தாராளம். ஒரே குறை, உள்ளே இருக்கும் பேட்டரி காலம் போய்த் தேய்ந்தால் நாம் மாற்ற முடியாது, அனுப்பித்தான் ஆக வேண்டும். அப்புறம் விலை. இதன் விலைக்குக் கிட்டத்தட்ட இரண்டு லியோனார்டோ வாங்கிவிடலாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பரிசு வாங்குகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒன்று. கணவனும் மனைவியும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்தாலும் ஒருவருடையதை வைத்து மற்றவர் ஓட்ட முடியாது. இரண்டு மீட்டர் மேலும் கீழுமாக நீந்தினாலே கணக்கு மாறும். இருவரிடமும் கருவி இல்லை, இருவர் கண்ணும் நன்றாக இருக்கிறது என்றால், ஒரு பெரெக்ரீனைவிட இரண்டு லியோனார்டோதான் நல்ல பரிசு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

கணக்கு யாருடையது

விளம்பரங்கள் அதிகம் பேசாத வித்தியாசம் உள்ளே ஓடும் கணக்கில் இருக்கிறது. பெரெக்ரீனும் கார்மினும் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மன் வகுத்த இசட்எச்எல்-16சி முறையில் ஓடுகின்றன. உடம்பை 16 வகைத் திசுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நைட்ரஜன் ஏறி இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் முறை அது. எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை நாம் அமைத்துக்கொள்ளலாம். கிரெஸ்ஸி, பக் புரோ, சூன்டோ ஜூப் நோவோ ஆகியவை புரூஸ் வீன்கீயின் ஆர்ஜிபிஎம் முறையைத் தழுவியவை. இது குறைந்த இடைவெளியில் மறுபடி இறங்குவதையும், ஏறி இறங்கி ஏறி இறங்கி நீந்துவதையும் மன்னிக்காது. அபராதமாக நிமிடங்களைக் குறைத்துவிடும்.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், புதுச்சேரியில் வழக்கமாக ஒரே படகுப் பயணத்தில் இரண்டு டைவ். நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஆடும் படகில் பிஸ்கட்டும் வாந்தியுமாகப் போகும். முதல் டைவில் இரண்டு கருவியும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இரண்டாவதில் லியோனார்டோ கஞ்சத்தனம் காட்டும், பெரெக்ரீன் தாராளமாக இருக்கும். ஜோடியாகப் போகும்போது எது குறைவாகச் சொல்கிறதோ அதற்குத்தான் இருவரும் கட்டுப்பட வேண்டும். ஆக, நான் எவ்வளவு விலை கொடுத்து அவருக்கு வாங்கினாலும் இரண்டாவது டைவ் என் லியோனார்டோ சொல்கிறபடிதான் முடியும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கூடுதல் நிமிடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விலை உயர்ந்ததை வாங்குகிறவர்கள், துணையின் கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நைட்ரஜன் அளவுக்கு மேல் ஏறியதால் வழியில் கட்டாயம் நிற்க வேண்டிய டீகம்ப்ரஷன் ஸ்டாப்பில் நிற்காமல் மேலே வந்துவிட்டால், லியோனார்டோவும் ஜூப் நோவோவும் 48 மணி நேரம் பூட்டிக்கொள்ளும், கணக்குச் சொல்லாது. ஷியர்வாட்டர் பூட்டாது, எச்சரித்துவிட்டுத் தொடர்ந்து கணக்குச் சொல்லும். புதியவருக்குப் பூட்டு நல்லது என்பது என் எண்ணம். விடுமுறை பாழாகிறதே என்று கோபித்துக்கொள்பவர்களும் உண்டு.

கைக்கடிகார வகை

பரிசு என்றாலே மனசு இழுப்பது இந்தப் பக்கம்தான். ஆபீஸுக்கும் கட்டிப்போகலாம், நாலு பேர் கேட்பார்கள்.

கார்மின் டிசென்ட் ஜி1-ல் ஜிபிஎஸ் இருக்கிறது. இறங்கிய இடத்தையும் ஏறிய இடத்தையும் குறித்து வைக்கும். திசைகாட்டி உண்டு, ஓட்டம், நடை, தூக்கம் எல்லாவற்றையும் எண்ணும், பேட்டரி நாள்கணக்கில் தாங்கும். ஆனால் அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையின் ஒரு மூலையை வட்டமான சின்னச் சாளரம் எடுத்துக்கொள்கிறது. மிச்ச இடத்தில் எழுத்துகள் பொடிப்பொடியாக நிற்கும். முப்பது வயதுக்காரருக்கு அருமையான கருவி. என் வீட்டுக்காரரிடம் கொடுத்தால் பழையபடி என் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா 2022-ல் இங்கே 89,900 ரூபாய்க்கு வந்தது. திரை வெளிச்சத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஐபோன் இல்லாதவருக்கு அது பயன்படாது. ஓஷனிக் பிளஸ் என்ற செயலியைப் போட்டால்தான் டைவ் கம்ப்யூட்டர் ஆகும், அதன் முழுக் கணக்குக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆழ வரம்பு 40 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையும் அதுதான் என்பதால் அது பெரிய குறை இல்லை. எனக்கு இடிப்பது சார்ஜ். நாள் முழுக்க மெசேஜ் பார்த்துத் தீர்ந்துபோன கடிகாரத்தோடு காலை ஆறு மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடன்தான் குடித்தனம் நடத்துகிறேன்.

சூன்டோ டி5 அழகானது. வண்ணத் திரை, அதிர்வு, விரும்பினால் சிலிண்டர் அழுத்தம் காட்டும் டேங்க் பாட் என எல்லாம் உண்டு. கடிகாரமாகக் கட்ட ஆசைப்படுகிறவருக்கு இந்த வகையில் நான் சொல்வது இதைத்தான்.

ரகசியமாக வாங்கலாமா?

வேண்டாம். சஸ்பென்ஸ் புடவைக்கு நன்றாக இருக்கும். இதற்கு ஆளையே கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். டைவ் சென்டர்களில் பயிற்சியாளர்கள் கையில் இந்த மாடல்களில் ஒன்றிரண்டு இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். மாஸ்க்கை மாட்டச் சொல்லுங்கள். படிக்கும் கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். விளக்கை அணைத்த அறையில், முழங்கையை லேசாக மடக்கிய தூரத்தில், ஆழம் எது, மீதி நிமிடம் எது என்று கேளுங்கள். கண்ணைச் சுருக்கினால் அந்த மாடலை விட்டுவிடலாம். மாஸ்க்கின் உள்ளே கீழ்ப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் படிப்பு லென்ஸும் கிடைக்கிறது. கையில் காசு குறைவு என்றால் லியோனார்டோவோடு அதையும் சேர்த்துக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பழையது சல்லிசாக வருகிறதென்றால் பேட்டரி மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தொடுமுனையில் பச்சைக் களிம்பு இருந்தால் உப்புத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய் வந்திருக்கிறது.

பெங்களூரிலிருந்து சனி, ஞாயிறு டைவுக்கு வருகிற தம்பதிகளுக்குத் தனியாக ஒன்று. பல டைவ் செய்த பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. நோ-ஃப்ளை என்று கருவியே நேரத்தை எண்ணிக் காட்டும். விமானத்தில் போகவில்லையே என்று அதைப் புறக்கணிக்கக் கூடாது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம், மதியம் டைவ் முடித்து இரவுக்குள் காரில் ஏறுவதும் உயரம் ஏறுவதுதான். ஞாயிறு காலை ஆரோவில் சுற்றிவிட்டுச் சாவகாசமாகக் கிளம்பும்படி டைவை சனிக்கிழமையே முடித்துக்கொள்ளலாம்.

நான் பெரெக்ரீனைத்தான் எடுக்கப் போகிறேன். எங்கள் டைவ் சென்டரில் ஒரு பயிற்சியாளர் கையில் இருந்ததை வாங்கி அவரிடம் காட்டினேன். மாஸ்க்கோடு ஒரு முறை பார்த்தார். "ம், தெரியுது" என்றார். கண்ணாடி பற்றி இருவருமே பேசவில்லை. வாங்கியதும் முதலில் நேரம், மீட்டர் அளவு, காற்றின் ஆக்சிஜன் 21 சதவீதம் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஜாக்கிரதை அளவை நடுவில் இருந்து ஒரு படி கூட்டி வைக்கப் போகிறேன். எனக்கு ஆசை வந்தாலும் முதல் டைவுக்கு அவரும் இரண்டாவதுக்கு நானும் என்று மாற்றிக் கட்டிக்கொள்ள முடியாது. முதல் டைவில் அவர் உடம்பில் ஏறிய நைட்ரஜன்தான் அதன் நினைவில் இருக்கும், என்னுடையது இருக்காது.